உப்புக்காற்றில் உழைக்கும் மடக்குக் கத்திக்கு எந்த அமைப்பு ஏற்றது?

கெடிலக்கரை:

கடலூர் முதுநகரில் ஃபைபர் படகு வைத்திருக்கும் என் மாமாவுக்கு, வலையில் சிக்கும் நைலான் கயிற்றை அறுக்க ஒரு மடக்குக் கத்தி வாங்கித் தர வேண்டும். சென்ற ஆண்டு வாங்கித் தந்ததில், பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் விலகி வந்து அலகுக்கு முட்டுக் கொடுக்கும் வகைப் பூட்டு இருந்தது. மூன்றே மாதத்தில் அந்த இடுக்கில் மணலும் உப்பும் இறுகிவிட்டன. ஒரு நாள் பூட்டு முழுவதும் விழாமலே அலகு மடங்கி, அவருடைய ஆள்காட்டி விரலில் நான்கு தையல் போட நேர்ந்தது. மடங்காத கத்தியை இடுப்பில் செருகினால் வலை இழுக்கும்போது கயிறு அதில் மாட்டுகிறது என்று அவர் அதை ஏற்பதில்லை. வளையப் பூட்டு, குறுக்குத் தண்டுப் பூட்டு, பூட்டே இல்லாத வால் கத்தி என வழக்கத்துக்கு மாறான அமைப்புகளைப் பற்றிப் படித்து வருகிறேன். எதை வாங்கினால் எதை இழக்க வேண்டியிருக்கும் என்று, விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மேட்டுப்பாளையம் லேத்:

புதுச்சேரியில் லேத் பட்டறை நடத்துபவன் என்ற முறையில், விசை எங்கே போகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அறுக்கும்போது கயிறு கூர்ப்பக்கத்தைத் தள்ளுவதால் அலகு மேலும் விரியத்தான் பார்க்கும். அந்தச் சுமையைத் தாங்குவது பூட்டு அல்ல, அலகு போய் முட்டி நிற்கும் ஆணி. கயிற்றில் சிக்கிய அலகைக் கோணலாக உருவும்போதும், அதன் முதுகு எங்காவது இடிக்கும்போதும்தான் பூட்டுக்கு வேலை வருகிறது. அச்சாணியிலிருந்து 60 மி.மீ. தள்ளி, முதுகில் 5 கிலோ விசை விழுகிறது என்று கொள்வோம். பூட்டு அச்சாணியிலிருந்து 6 மி.மீ. தொலைவில் இருந்தால் அது 50 கிலோவைத் தாங்க வேண்டும். உங்கள் மாமாவின் கத்தியில் அந்தச் சுமை முழுவதும் ஒரு மெல்லிய தகட்டின் ஓரத்தில், அதுவும் உப்புப் படிவத்தின் மேல் நின்றிருக்கிறது.

நீங்கள் சொன்ன வால் கத்திக்கு எடுத்துக்காட்டான நியூசிலாந்தின் ஸ்வோர்ட் பெசன்ட், இதே கணக்கைத் திருப்பிப் போடுகிறது. அலகின் அடிப்பகுதி வாலாக நீண்டு, விரித்ததும் பிடியின் முதுகோடு படிந்துவிடும். அதை உள்ளங்கை அழுத்திப் பிடித்திருக்கும். வாலை அழுத்தும் இடம் அச்சாணியிலிருந்து 60 மி.மீ. என்றால், கை தாங்க வேண்டியது அதே 5 கிலோதான். ஸ்பிரிங் இல்லை, உப்பு ஒளிந்துகொள்ளும் இடுக்குகளும் மிகக் குறைவு. ஜப்பானின் ஹிகோனோகாமியும் இந்த இனம்தான். ஆனால் அதன் வால் குட்டையானது, கட்டைவிரல் அதன் மேலேயே இருக்க வேண்டும். 20 மி.மீ. வாலுக்கு விரல் 15 கிலோ தாங்க வேண்டும் என்பதால் அதைப் படகுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். வால் கத்தியின் குறையையும் மறைக்கக் கூடாது: கை தளர்ந்தால் பூட்டும் தளர்ந்தது. மடக்கிய நிலையில் வால் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், வலைக்கயிறு அதில் மாட்டி அலகைத் திறந்துவிடவும் கூடும். ஆகவே சிறு தோல் உறை அவசியம்.

அமெரிக்கக் கத்தி நிறுவனமான பெஞ்ச்மேட் பரவலாக்கிய குறுக்குத் தண்டுப் பூட்டு, தேய்மானத்தைத் தானே ஈடுசெய்யும் நல்ல அமைப்பு. பிடிக்குக் குறுக்கே கிடக்கும் தண்டு, அலகின் அடிக்கும் முட்டு ஆணிக்கும் இடையே ஆப்பு போல இறங்குவதால், தேயத் தேய இன்னும் சற்று முன்னே வந்து உட்காரும். ஆனால் அதைத் தள்ளுவது இரண்டு மெல்லிய கம்பி ஸ்பிரிங்குகள். அவை பிடிக்குள் மறைந்திருக்கின்றன, நாளடைவில் களைத்து முறிகின்றன. கழற்றாமல் உப்பைக் கழுவவும் முடியாது.

குருசுக்குப்பம்:

பிரான்சில் இருக்கும் உறவினர்கள் கொண்டுவந்த ஓப்பினல் 8-ஆம் எண் கத்தி எங்கள் வீட்டில் இருக்கிறது, அலகு 8.5 செ.மீ. நீளம். நீங்கள் கேட்ட வளையப் பூட்டு இதில்தான் இருக்கிறது; பிடியின் கழுத்தில் சுழலும் அந்த வளையம் 1955-இல் சேர்க்கப்பட்டது. அது கண்ணுக்குத் தெரிகிற பூட்டு என்பதே அதன் பெரிய நன்மை. திருப்பினோமா இல்லையா என்ற ஐயத்துக்கு இடமில்லை. எங்கள் ஊர்க் காற்றில் அதன் சிக்கல் மரப்பிடிதான். ஐப்பசி மழையில் பீச் மரம் ஊதி அலகை இறுக்கிக்கொள்ளும். நகத்தால் இழுத்தால் வராது, பிடியின் அடியை மேசையில் தட்டித்தான் அலகை வெளியே எடுக்க வேண்டும். பிடியை நன்கு உலர்த்தி, பிளவின் உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஆளி விதை எண்ணெய் ஊறவிட்ட பிறகு நிலைமை பெரிதும் தேறியது. வாங்கினால் துருப்பிடிக்காத எஃகு அலகையே கேளுங்கள், கார்பன் எஃகு ஓர் இரவில் பழுப்பேறிவிடும்.

கெடிலக்கரை:

இருவருக்கும் நன்றி. வளையத்தைத் திருப்ப இன்னொரு கை வேண்டும். மாமாவின் இடது கை எப்போதும் வலையைப் பிடித்திருக்கும். இரண்டு கைப்பிடிகள் அலகைச் சூழ்ந்து மூடும் பிலிப்பைன்ஸ் பலிசாங் இதற்கு உதவுமா?

மேட்டுப்பாளையம் லேத்:

பூட்டாக அது மிக நல்லது. இரு பிடிகளையும் சேர்த்துப் பற்றும் கையே பூட்டு, திறந்த அமைப்பு என்பதால் தண்ணீரில் அலசினாலே மணல் போய்விடும். ஆனால் அதில் அச்சாணிகள் இரண்டு. அச்சாணியில் அலகை ஒட்டியிருக்கும் 10 மி.மீ. அகல வாஷரில் 0.05 மி.மீ. தளர்வு இருந்தாலே 85 மி.மீ. அலகின் நுனி 0.4 மி.மீ. ஆடும், இரண்டு இணைப்புகளிலும் தளர்வு சேரும்போது கவலை இரட்டிப்பாகிறது. ஆடும் படகில் அதை ஒரு கையால் சுழற்றித் திறக்கச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளில் அதற்குத் தடையும் இருக்கிறது. வால் கத்தியில், வாலைக் கட்டைவிரலால் அழுத்தினால் அலகு ஒரு கையிலேயே விரியும். அச்சாணி ரிவெட்டாக இல்லாமல் திருகாணியாக இருக்கும்படி பார்த்து வாங்குங்கள். கரை திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசி, வாரம் ஒருமுறை கழற்றித் துடைத்து எண்ணெய் இடச் சொல்லுங்கள். அலகைத் துருப்பிடிக்காத எஃகில் அறுத்துத் தர வேண்டுமானால் பழைய கத்தியையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வாருங்கள்; மாமாவின் கை அளவைப் பார்த்து வாலின் நீளத்தை முடிவு செய்யலாம்.