கோடையிலும் வாடாத நாலு குழி: செடி வைக்கும் தடுப்புச் சுவர் அனுபவங்கள்

சரிவுவீட்டுக்காரன்

மலைச்சரிவை வெட்டிப் போட்ட மனையில் வீடு கட்டி ஆறு வருடம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் மூன்றரை மீட்டர் உயரத்துக்குத் தடுப்புச் சுவர். நடுவில் குழியுள்ள பிளாக்குகளை, வரிசைக்கு வரிசை கொஞ்சம் உள்வாங்கி அடுக்கி, குழிகளில் மண் நிரப்பிச் செடி நட்டிருக்கிறார்கள். இந்த மாதிரிச் சுவரோடு வாழ்கிறவர்கள், கட்டியவர்கள், அவரவர் பார்த்ததைச் சொல்லுங்கள். முதலில் என் கதை.

நாலாவது கோடை அது. சுவர் முழுக்கச் செடிகள் வாடித் தொங்கின. மேற்கு வெயில் பட்டால் அந்த பிளாக்கில் கை வைக்க முடியாது. ஆனால் கீழிருந்து மூன்றாவது வரிசையில், வலது ஓரமாக நாலு குழிகள் மட்டும் தளதளவென்று நின்றன. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் ரசித்தார்கள். அங்கே விழுந்த மண் நல்ல மண் போலிருக்கிறது என்று நானும் இருந்துவிட்டேன்.

ஒருநாள் காய்ந்த இலைகளைக் கிள்ளும்போதுதான் கவனித்தேன். அந்த நாலு குழியிலும் நான் நடாத ஒன்று முளைத்திருந்தது. தண்டை விரலில் உருட்டினேன், மூன்று பட்டை தட்டுப்பட்டது. கோரை. தண்ணீர் நிற்கிற இடத்தில் வருகிறது, வெயிலில் வேகிற சுவரில் எப்படி வந்தது? விரலைக் குழிக்குள் விட்டேன். சேறு.

சுவருக்குப் பின்னால் தோண்டிப் பார்த்தோம். மேல் வீட்டுத் தண்ணீர்க் குழாயில் ஒரு ஜாயின்ட் சொட்டிக்கொண்டிருந்தது. அதையாவது ஒருநாளில் சரிசெய்துவிடலாம். பெரிய தப்பு அடியில் இருந்தது. சுவரின் பின்புறம் அடிமட்டத்தில் ஜல்லிக்கு நடுவே ஓட்டை போட்ட குழாய் ஒன்று படுத்திருக்கும். தேங்கும் தண்ணீரை வெளியே கொண்டுபோவது அதுதான். பின்னாளில் நடைபாதை போட வந்தவர்கள் அதன் வாயைக் கான்கிரீட்டால் மூடிவிட்டிருந்தார்கள். சொட்டியதெல்லாம் போக வழியில்லாமல் மாதக்கணக்கில் மண்ணிலேயே ஊறியிருக்கிறது. வரிசை நெடுக நூல் பிடித்தோம். அந்த இடத்தில் சுவர் இரண்டு விரல்கடை வயிறு தள்ளியிருந்தது.

கோரையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருந்தால் அந்த மழைக்காலத்தில் என்ன ஆகியிருக்கும்? இன்றைக்கும் ராத்திரி மழை பிடித்தால் இந்த நினைப்பு வந்து தூக்கம் போய்விடுகிறது.

சைட் இன்ஜினியர்

சார், நீங்கள் தப்பித்தது சின்ன விஷயம் இல்லை. பதினைந்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். நான் போய்ப் பார்த்த சரிந்த சுவர்களில், பிளாக் நொறுங்கியதால் விழுந்தது ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றுக்கும் பின்னால் தண்ணீர்தான். ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கினால் அடியில் சதுர மீட்டருக்கு ஒரு டன் அழுத்தம், மூன்று மீட்டர் தேங்கினால் மூன்று டன். அதுபோக மண் தள்ளுவது வேறு. சுவரின் உயரம் இரண்டு மடங்கானால் அந்தத் தள்ளல் நாலு மடங்காகும். "இவ்வளவு நாள் நின்றதே, இன்னும் நாலு வரிசை ஏற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

வீடு வாங்குகிறவர்கள் செடி இருக்கும் முகப்பைப் பார்க்கிறார்கள். இவ்வளவு உயரச் சுவரில் பாரம் தாங்குவது அதற்குப் பின்னால் இருப்பது: சில வரிசைக்கு ஒன்றாக உள்ளே விரித்த ஜியோகிரிட் என்கிற கெட்டியான பிளாஸ்டிக் வலையும், அதன்மேல் ஒரு சாண் கனத்துக்குப் போட்டுப் போட்டு இடித்துக் கெட்டித்த மண்ணும். 1960களில் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்ரி விதால் மண்ணுக்குள் பட்டைகளைப் படுக்கவைத்து, மண்ணையே தாங்கும் சுவராக்கிக் காட்டினார். அதே வழிதான் இதுவும். வலை பொதுவாகச் சுவர் உயரத்தில் பத்தில் ஆறேழு பங்கு தூரம் உள்ளே போகும். உங்கள் சுவருக்குக் கிட்டத்தட்ட 2.5 மீட்டர்.

இது தெரியாமல் சுவரின் பின்புறம் தொட்டிக்கும் வேலிக்கும் குழி தோண்டுகிறார்கள். ஒரு குடியிருப்பில் பொக்லைன் வாளியில் கறுப்பாக ஏதோ பிசிறு பிசிறாகத் தொங்கியது. ஓட்டுநர் பழைய சாக்கு என்றார். கிட்டே போய்ப் பார்த்தேன், ஜியோகிரிட். வேலையை அங்கேயே நிறுத்தினோம்.

படிபடியாக இரண்டு சுவர் கட்டுகிறவர்களுக்கு ஒன்று: மேல் சுவர், கீழ்ச் சுவரின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது பின்தள்ளி இருக்கட்டும். நெருக்கிக் கட்டினால் மேல் சுவரின் பாரத்தையும் கீழ்ச் சுவரே சுமக்கும். அப்படித்தான் கட்டியாக வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே சுவராக எண்ணிக் கணக்குப் போட வேண்டும்.

தோட்டக்காரி

நான் செடிப் பக்கத்தைச் சொல்கிறேன். முதல் வருடம் நட்டதில் பாதிக்கு மேல் போய்விட்டது. குழி மண்ணைத் தரை மண் என்று நினைத்ததுதான் தப்பு. அது சின்னத் தொட்டி மண் மாதிரி, இரண்டே நாளில் காய்ந்துவிடும். கான்கிரீட்டில் இருந்து சுண்ணாம்பும் இறங்கும். புளிப்பு மண் கேட்கிற செடிகள் அங்கே மஞ்சளடித்துப் போகும். இலை தடித்த, படர்கிற செடிகள்தான் பிழைத்தன.

வெட்டிவேரைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அதன் வேர் பக்கவாட்டில் அதிகம் பரவாமல் நேராகக் கீழே இறங்கும், நல்ல மண்ணில் மூன்று மீட்டர்கூடப் போகும். உலகம் முழுக்க நம் சொல்லிலேயே அதற்குப் பெயர் வழங்குகிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அதற்கு இடம் குழி இல்லை, அங்கே அது நெருக்கிக்கொண்டு வளரும். சுவருக்கு மேலே உள்ள சரிவில் வரிசையாக நடுங்கள். அதை நட்டதால் வடிகால் வேண்டாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

பறவை எச்சத்தில் முளைக்கும் மரக்கன்றை இரண்டு இலை விடும்போதே பிடுங்கிவிடுங்கள். அழகாக இருக்கிறதே என்று ஒரு வீட்டில் விட்டுவைத்தார்கள். நான் பார்க்கும்போது வேர் மணிக்கட்டுக் கனம், பிளாக் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சொட்டுநீர் போட்டவர்கள் மழை நாளில் டைமரை நிறுத்தவும் மறக்காதீர்கள்.

புதிதாகக் குடிவந்தவர்

எங்கள் சுவரில் அந்தக் குழாயின் வாய் எங்கே என்றே தெரியவில்லையே, எப்படிக் கண்டுபிடிப்பது?

சரிவுவீட்டுக்காரன்

கட்டி முடித்ததும் வரைந்த வரைபடம் இருக்கும், கட்டியவர்களிடம் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மழை நின்ற மறுநாள் சுவரின் அடியோரமாக நடந்து பாருங்கள். தாழ்ந்த முனையில் எங்காவது தண்ணீர் வர வேண்டும். எங்குமே வரவில்லை என்றால் சும்மா இருக்காதீர்கள், விவரம் தெரிந்த ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

எங்கள் சுவரில் குழாய் வாயைச் சுற்றி மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டேன், இனி யாரும் மூடக்கூடாது. மழை விட்டதும் ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பேன். கலங்கலாக வந்தால், உள்ளே ஜல்லிக்குள் மண் புகாமல் தடுக்கிற வடிதுணி கிழிந்து மண்ணும் சேர்ந்து போகிறது என்று அர்த்தம். போன வாரம் மழை நின்றபோது விரல் கனத்துக்கு வந்துகொண்டிருந்தது. டம்ளரின் அடி தெளிவாகத் தெரிந்தது.