பயிற்சியாளரை மாற்றலாமா: நெப்ராஸ்காவில் நாங்கள் நேரில் கேட்ட வாதங்கள்

லிங்கன்வாசி:

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளரை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று ஒரு மாநிலமே பேசிக்கொண்டிருந்த நாட்களை நம்மில் பலர் அருகிலிருந்து பார்த்திருக்கிறோம். அப்போது யாரிடம் என்ன கேட்டீர்கள், அது உங்கள் மனத்தில் எப்படிப் பதிந்தது என்பதை எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

2003 ஆகஸ்டில் முதுகலைப் படிப்புக்காக நெப்ராஸ்கா மாநிலத் தலைநகரான லிங்கனுக்கு வந்தேன். நான் வாடகைக்கு இருந்த மாடியறையின் உரிமையாளர் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியின் அரங்கமான மெமோரியல் ஸ்டேடியத்தில் அடுத்தடுத்த இரண்டு இருக்கைகள் அவருடைய தந்தையார் காலத்திலிருந்தே அந்தக் குடும்பத்தின் வசம் இருந்தன. அவருடைய மனைவிக்கு அந்த ஆண்டு முழங்கால் வலி, படியேற முடியவில்லை. அதனால் அந்த இருக்கை எனக்குக் கிடைத்தது. கால்பந்து என்றால் காலால் உதைக்கும் பந்து என்று மட்டுமே அறிந்திருந்த எனக்கு, டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோவது) எது, ஃபீல்ட் கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) எது என்று அவர்தான் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். அணி முதல் புள்ளியை எடுத்ததும் ஆயிரக்கணக்கான சிவப்புப் பலூன்கள் ஒரே நேரத்தில் மேலே எழுந்ததைப் பார்த்தபோது, இவர்களுக்கு இது விளையாட்டை விடப் பெரிது என்று புரிந்துகொண்டேன். அந்த மாநிலத்தில் பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமையில் ஒமாஹாவுக்கும் லிங்கனுக்கும் அடுத்தபடியாக மக்கள் அதிகம் கூடியிருக்கும் இடம் அந்த அரங்கம்தான். 1962 நவம்பர் முதல் அங்கே ஒரு போட்டிக்குக்கூடச் சீட்டு மிஞ்சியதில்லை.

அந்த ஆண்டு நன்றி தெரிவித்தல் விடுமுறைக்கு என்னையும் வீட்டில் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டார்கள். நவம்பர் 28, வெள்ளிக்கிழமை கொலராடோ அணியை 31-22 என்று வென்றிருந்தோம். அதோடு 9 வெற்றி, 3 தோல்வி. மறுநாள் இரவு, மிஞ்சிய வான்கோழியைச் சூடாக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தொலைக்காட்சியில் செய்தி வந்தது. தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் சோலிச்சை நீக்கிவிட்டார்கள்.

மேசையில் இருந்த மருமகன் நல்ல முடிவு என்றார். முந்தைய ஆண்டு 7 வெற்றி, 7 தோல்வி என்று முடிந்ததையும், இரண்டு வாரங்களுக்கு முன் சொந்த மண்ணிலேயே கேன்சஸ் ஸ்டேட்டிடம் 38-9 என்று வீழ்ந்ததையும் எடுத்துச் சொன்னார். டெக்சஸும் ஓக்லஹோமாவும் எங்கேயோ போய்க்கொண்டிருக்க, நாம் பழைய பெருமையைப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருடைய வாதம். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். 1962இல் பாப் டெவேனி பயிற்சியாளராக வந்தார். 1973இல் அவருடைய உதவியாளர் டாம் ஆஸ்பர்ன். 1998இல் ஆஸ்பர்னின் உதவியாளர் சோலிச், அவரும் டெவேனியிடம் விளையாடியவர். 42 பருவங்கள் ஒரே வழிமுறை, ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போனது. ஆஸ்பர்ன் தம் முதல் ஐந்து ஆண்டுகளிலும் ஓக்லஹோமாவிடம் தோற்றார். ஊர்ப்பேச்சுத் தாங்காமல் 1978 இறுதியில் கொலராடோ பல்கலைக்கழக அணியின் அழைப்பை ஏற்கலாமா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். அன்று அவர் போயிருந்தால் 1994, 1995, 1997 ஆகிய மூன்று தேசியப் பட்டங்களும் இல்லை. முதல் பட்டம் அவருக்குக் கிடைத்தது 22ஆவது பருவத்தில் என்பதை மறக்காதே என்று மருமகனிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவே இல்லை.

விளையாட்டுத்துறை இயக்குநர் ஸ்டீவ் பெடர்சன், அணி சராசரி நிலைக்குச் சரிய விடமாட்டேன் என்று காரணம் சொன்னார். அடுத்தவரைத் தேட 41 நாட்கள் ஆயின. பில் காலஹன் வந்தார். 2004இல் 5 வெற்றி, 6 தோல்வி; 1961க்குப் பிறகு முதன்முறையாகத் தோல்விகள் மிகுந்த பருவம். தொடர்ந்து 35 ஆண்டுகள் பருவ முடிவில் பவுல் ஆட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த அணி அந்த ஆண்டு வீட்டில் இருந்தது. 2007இல் பெடர்சனும் போனார், காலஹனும் போனார். 58 வெற்றி, 19 தோல்வி என்ற கணக்கோடு வெளியேற்றப்பட்ட சோலிச், பின்பு ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் 16 பருவங்கள் பணியாற்றினார். அந்த நீக்கம் தவறு என்றே நான் இன்றும் நினைக்கிறேன். அவர் செய்ததற்காக நீக்கப்படவில்லை. இனிமேல் அவரால் முடியாமற்போகலாம் என்ற அச்சத்துக்காக நீக்கப்பட்டார்.


சோளவயல்:

லிங்கன்வாசி அண்ணா எழுதியதைப் படித்ததும் 2014 நினைவுக்கு வந்தது. அப்போது நான் மாணவன். என் அறைத்தோழன் மாநிலத்தின் மேற்குக் கோடியைச் சேர்ந்த விவசாயக் குடும்பத்துப் பையன். அவனுடைய பெற்றோர் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஐந்து மணி நேரம் காரோட்டி வந்து, அன்றிரவே திரும்பி, விடியற்காலையில் மாடுகளுக்குத் தீவனம் வைப்பவர்கள். நன்றி தெரிவித்தல் விடுமுறைக்கு அவர்கள் பண்ணைக்குப் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை அயோவாவைக் கூடுதல் நேரத்தில் 37-34 என்று வென்றபோது அவன் தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஞாயிறன்று லிங்கனுக்குத் திரும்பும் வழியில், கியர்னிக்கு அருகே, நெப்ராஸ்காவின் தலைமைப் பயிற்சியாளர் போ பெலினி நீக்கப்பட்டார் என்ற செய்தி வானொலியில் வந்தது.

பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினோம். அங்கே ஒருவரையொருவர் முன்பின் அறியாத நான்கு பேர் காப்பிக் கோப்பையோடு இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். பெலினி முழுமையாக நடத்திய ஒவ்வொரு பருவத்திலும் 9 வெற்றிக்குக் குறைந்ததில்லை. ஆனால் 2008 முதல் 2013 வரை ஒவ்வோர் ஆண்டும் சரியாக நான்கு தோல்விகள். தோற்பதும் சாதாரணமாகத் தோற்பதில்லை: 2012இல் நெப்ராஸ்கா ஆடும் பிக் டென் கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில் விஸ்கான்சினிடம் 70-31, அந்த 2014 நவம்பரில் மறுபடியும் விஸ்கான்சினிடம் 59-24, அதில் விஸ்கான்சின் வீரர் மெல்வின் கார்டன் ஒருவர் மட்டும் 408 யார்டு ஓடினார். ‘ஒன்பது வெற்றி போதாது என்று சொல்ல நாம் யார்’ என்று ஒருவர் கேட்டார். லாரி ஓட்டுநர் ஒருவர் ‘அதே கேள்வியைத்தான் 2003இலும் கேட்டோம்’ என்றார். அதற்குப் பிறகு அங்கே யாரும் எதுவும் பேசவில்லை. நான் அப்போது 2003இல் என்ன நடந்தது என்றே அறியாதவன். வழியெல்லாம் தோழன் எனக்கு அதைச் சொல்லிக்கொண்டு வந்தான்.

பெலினியின் இடத்துக்கு வந்த மைக் ரைலி மூன்று ஆண்டுகளில் 19 வென்று 19 தோற்றார். தோழனின் தந்தை இப்போதும் அந்தப் பண்ணையிலிருந்துதான் வருகிறார்.


டப்ளின் நண்பன்:

நான் நெப்ராஸ்காவில் வாழ்ந்தவன் அல்லன்; அயர்லாந்தில் வேலை பார்க்கிறேன். 2022 ஆகஸ்ட் 27 அன்று நெப்ராஸ்காவும் நார்த்வெஸ்டர்னும் இங்கே அவீவா ஸ்டேடியத்தில் மோதின. அலுவலகத்தில் கிடைத்த சீட்டோடு போனேன். ஊர் முழுவதும் சிவப்புச் சட்டைகள். என் பக்கத்தில் அமர்ந்திருந்த தம்பதியர் திருமண நாற்பதாம் ஆண்டுக்காகச் சேமித்த பணத்தில் கடல் தாண்டி வந்திருந்தார்கள்.

ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் நெப்ராஸ்கா 28-17 என்று முன்னிலையில் இருந்தது. அப்போது நெப்ராஸ்காவின் பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்ட் ஆன்சைட் கிக் ஆடச் சொன்னார். அதாவது பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் கொடுப்பதற்குப் பதிலாகக் குறுக உதைத்துத் தாமே மீண்டும் கைப்பற்றப் பார்ப்பது. பந்து நார்த்வெஸ்டர்ன் கையில் சிக்கியது. அங்கிருந்து ஆட்டம் திரும்பி 31-28 என்று முடிந்தது. அந்த உதை போன கணத்திலேயே பக்கத்து அம்மையார் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, ‘அவன் நம் ஊர்ப் பையன், நான் அவனை எப்படிப் போகச் சொல்வேன்’ என்றார். ஃப்ராஸ்ட் லிங்கனில் பிறந்து வுட் ரிவர் என்ற சிற்றூரில் வளர்ந்தவர், 1997 பட்டம் வென்ற அணியின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்தும் வீரர்) என்பதையெல்லாம் அன்று இரவுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.


ஒமாஹா செவிலி:

டப்ளின் ஆட்டத்துக்கு இரண்டு வாரம் கழித்து நடந்ததை நான் சொல்லியாக வேண்டும். செப்டம்பர் 10, சனிக்கிழமை இரவுப் பணி. என் வார்டில் இருந்த ஒரு முதியவர் தூக்க மாத்திரையை மறுத்துவிட்டு ஜார்ஜியா சதர்ன் அணியுடன் நெப்ராஸ்கா மோதிய ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி 36 வினாடிகள் இருக்கும்போது எதிரணியின் குவார்ட்டர்பேக் தாமே ஓடி டச் டவுன் போட்டார், நெப்ராஸ்காவின் 52 யார்டு ஃபீல்ட் கோல் தவறியது, 45-42. சொந்த அரங்கில் 35 புள்ளியோ அதற்கு மேலோ எடுத்த 214 ஆட்டங்களில் அதற்கு முன் நெப்ராஸ்கா ஒருமுறைகூடத் தோற்றதில்லை. அவர் தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லிவிட்டு, ‘அக்டோபர் வரை காத்திருப்பார்களோ’ என்று கேட்டார்.

அந்தக் கேள்வியின் பொருள் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். ஃப்ராஸ்டின் ஒப்பந்தப்படி, அக்டோபர் 1க்கு முன் அவரை நீக்கினால் சுமார் 1.5 கோடி டாலர் தர வேண்டும். அந்த நாளுக்குப் பிறகு என்றால் அதில் பாதி, 75 லட்சம். மூன்று வாரம் பொறுத்தால் 75 லட்சம் டாலர் மிச்சம். ஞாயிறு பகலில் எங்கள் உணவறையில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. அத்தனை பணத்தில் எத்தனை செவிலியர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று என்னோடு பணிபுரிபவர் கேட்டார். எனக்கும் வயிற்றில் ஏதோ செய்தது. அது வரிப்பணம் அல்ல, சீட்டு விற்பனையும் நன்கொடையும் தொலைக்காட்சி உரிமையும் தருவது என்று இன்னொருவர் விளக்கினார். பிக் டென் கூட்டமைப்பு அந்த ஆகஸ்டில்தான் 700 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒளிபரப்பு ஒப்பந்தங்களை அறிவித்திருந்தது.

எங்கள் கதிரியக்கப் பிரிவில் இருந்த ஒருவருடைய மகன் வேறொரு கல்லூரியில் விளையாடுகிறான். அவர் பேசியது என்னை மாற்றியது. டிசம்பரிலேயே பள்ளி மாணவர்கள் எந்தக் கல்லூரி என்று கையெழுத்திட்டுவிடுகிறார்கள். அதனால் செப்டம்பரில் தொடங்காத தேடல் தாமதமான தேடல். மேலும், பயிற்சியாளர் நீக்கப்பட்டால் அப்போதைய விதிப்படி வீரர்களுக்கு 30 நாட்கள் வேறு கல்லூரியைத் தேடிக்கொள்ளும் வாய்ப்பு திறக்கும். ‘போகப்போகிறவர் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒருவரின் கீழ், ஒரு தேதி வருவதற்காக, பத்தொன்பது வயதுப் பையன்கள் மூன்று வாரம் அடி வாங்க வேண்டுமா’ என்று கேட்டார். அவர் கேட்டு முடித்த சிறிது நேரத்தில் அப்போதைய விளையாட்டுத்துறை இயக்குநர் ட்ரெவ் ஆல்பர்ட்ஸ், ஃப்ராஸ்டை நீக்கும் முடிவை அறிவித்துவிட்ட செய்தி கைப்பேசிகளில் வந்தது. காத்திருக்கவில்லை.

முதியவரிடம் போய்ச் சொன்னேன். மகிழ்ச்சியும் இல்லை, வருத்தமும் இல்லை. ‘பாவம் பையன்’ என்று மட்டும் சொன்னார். ஃப்ராஸ்டைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.


லிங்கன்வாசி:

தங்கை எழுதியதைத் தொடர்ந்து என்னுடைய கதையின் மறுபாதியையும் சொல்லிவிடுகிறேன். சோலிச்சுக்காக அன்று வாதாடிய அதே பெரியவர், 2022இல் ஃப்ராஸ்டை உடனே அனுப்ப வேண்டும் என்று சொன்னார். எனக்கு வியப்பாக இருந்தது; பொறுமையைப் பற்றி எனக்குக் கற்பித்தவரே அவர்தானே என்று கேட்டேன். பொறுமைக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்றார். ஆஸ்பர்ன் ஓக்லஹோமாவிடம் தோற்ற ஆண்டுகளிலும் ஒன்பது ஆட்டங்களுக்குக் குறையாமல் வென்றார். அணி எதை நோக்கிப் போகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஃப்ராஸ்டின் காலத்தில் 16 வெற்றி, 31 தோல்வி. எட்டுப் புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்களில் 5 வென்று 22 தோற்றார்கள். 2021இன் ஒன்பது தோல்விகளும் பத்துப் புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் வந்தவை. ‘இவ்வளவு அருகில் வந்து இத்தனை முறை தோற்றால் அது கெட்ட நேரம் இல்லை, பழக்கம்’ என்றார். அவர் சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது. 2003இல் செய்ததும் 2022இல் செய்ததும் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்றுபோலத் தோன்றும். இரண்டையும் ஒரே மேசையில் கேட்டவனாகச் சொல்கிறேன், இரண்டும் ஒன்றல்ல.

இடைக்காலப் பயிற்சியாளராக மிக்கி ஜோசப் பொறுப்பேற்ற முதல் வாரத்தில் ஓக்லஹோமாவிடம் 49-14 என்று தோற்றோம். அடுத்த ஆட்டம் இண்டியானாவுடன், சொந்த மண்ணில், இரவில். தேதி அக்டோபர் 1. அந்தப் பெரியவரின் மனைவி இப்போது இல்லை. அவருடைய இருக்கையில் நான் அமர்ந்தேன். ஹீலியம் தட்டுப்பாட்டால் அந்த ஆண்டு பலூன் விடுவதை நிறுத்தியிருந்தார்கள். முதல் டச் டவுன் வந்தபோது அவர் பழக்கத்தில் வானத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன். 35-21 என்று வென்றோம். கூட்டம் கலைந்த பிறகும் அவர் எழவில்லை. வீரர்கள் ஒருவர் விடாமல் உள்ளே போகும் வரை கைதட்டிக்கொண்டே இருந்தார்.