ஏஸ் ஜோடி வைத்தும் தோற்ற ஆட்டம்: தப்பு எங்கே?

தங்கச்சிமடம் போட்டுக்காரன்:

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். போட்டைக் கரையேற்றி மராமத்துக்கு விட்டுவிட்டு எங்கள் செட்டு கோவா கிளம்பிவிடும். பனாஜியில் மாண்டவி ஆற்றுக் கப்பல் கேசினோவுக்குள் போனதும் மற்றவர்கள் ரூலெட் பக்கம் ஒதுங்குவார்கள், நான் போக்கர் மேஜைக்கு. டெக்சாஸ் ஹோல்டம் (கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு), கேஷ் கேம், பிளைண்ட், அதாவது சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயம் வைக்கும் பணம், 100/200. 20,000 ரூபாயோடு உட்கார்ந்தேன்.

இஸ்பேடு ஏஸ், கிளாவர் ஏஸ் வந்தது. பந்தயத்தை 600-ஆக ரெய்ஸ் செய்தேன். 200 வைத்த பிக் பிளைண்டையும் சேர்த்து நான்கு பேர் கால், அதாவது அதே தொகையை வைத்து உள்ளே வந்தார்கள். ஃப்ளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டு) ஆட்டின் 9, ஆட்டின் 8, கிளாவர் 3. நான் 2,000 போட்டேன். கடைசியாக ஆடும் இடமான பட்டனில் இருந்த பெரியவர் மட்டும் வந்தார். டர்னில் (நான்காவது சீட்டு) இஸ்பேடு 2. 5,000 போட்டேன், அதற்கும் வந்தார். ரிவரில் (கடைசிச் சீட்டு) ஆட்டின் ராஜா. அதுவரை வாயைத் திறக்காத மனிதர் இருப்பதை எல்லாம் வைத்து ஆல்-இன் என்றார். என்னிடம் மிச்சம் 12,400. ஏஸ் ஜோடியை எப்படி விடுவது? கால் செய்தேன். ஆட்டின் 6, 5 காட்டினார். ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு, ஃப்ளஷ்.

கடுப்பில் இன்னொரு 20,000 வாங்கினேன். அதில் ஒரு ஆட்டம் நன்றாக அமைந்தது. என்னிடம் 10, 9. போர்டில், அதாவது பொதுச் சீட்டில், ராஜா, 7, 6, 2, நான்கும் வேறு வேறு ஜாதி. பாட், அதாவது நடுவில் சேர்ந்த பணம், 4,000 இருக்க, எதிராளி 4,000 போட்டார். 8 வந்தால் வரிசையாக ஐந்து சீட்டு, ஸ்ட்ரெய்ட் என்று கால் செய்தேன். ரிவரில் 8! அவரிடம் மிச்சமிருந்த 9,000-மும் வந்தது. அதனால் அன்றைய நஷ்டம் ஓரளவு ஈடாகிவிட்டது.

முதல் ஆட்டத்தில் நான் எங்கே தவறினேன்? அடுத்த சீசனுக்குள் ஆன்லைனில் ஆடிப் பழகலாமா?

தொண்டி:

அண்ணே, ஏஸ் உடைவதெல்லாம் சகஜம். அந்த டீலர் ராசியில்லை என்றால் மேஜையை மாற்றிவிட வேண்டியதுதான்.

உச்சிப்புளி:

டீலரை விடுங்கள் தம்பி, அவர் பாவம், சம்பளத்துக்குச் சீட்டுப் போடுகிறவர்.

போட்டுக்காரத் தம்பி, 600 ரெய்ஸுக்கு நான்கு பேர் வந்தார்கள் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். முதல் தப்பு அங்கேதான். ஏஸ் ஜோடி ஒருவரோடு மட்டும் மோதினால், அவர் ஏதோ ஒரு சீட்டு வைத்திருக்கிறார் என்று கொண்டால், சராசரியாக ஏறத்தாழ 85 சதவீதம் ஜெயிக்கும். நான்கு பேர் கடைசி வரை நின்றால் அது 56 பக்கம் இறங்கிவிடும். விடுமுறைக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் மேஜையில் 600 என்பது எல்லோரையும் வாங்க வாங்க என்று அழைப்பது மாதிரி. அங்கே 1,200 போட்டிருக்க வேண்டும்.

ஃப்ளாப், டர்ன் இரண்டிலும் நீங்கள் போட்டதில் குறை இல்லை. டர்ன் கணக்கைப் பாருங்கள். பாட் 7,100, நீங்கள் போட்ட 5,000, ஆக 12,100. அதைப் பிடிக்க அவர் 5,000 வைக்கிறார். பார்க்காத 46 சீட்டில் அவருக்கு உதவுவது 9 ஆட்டின், 5 முதல் 9 வரை ஸ்ட்ரெய்ட் சேர்க்கும் மற்ற மூன்று 7, ஆக 12. 12 தடவை 12,100 வந்தால் 1,45,200. மற்ற 34 தடவை 5,000 போனால் 1,70,000. அதாவது அவர் செய்தது நஷ்டக் கால். ரிவரில் உங்கள் 12,400-ஐயும் சேர்த்துக் கொடுத்தீர்கள் பாருங்கள், அப்போது அதே 12 தடவைக்கு 24,500 வீதம் 2,94,000. அவருடைய தப்பை லாபமாக மாற்றிக் கொடுத்ததே நீங்கள்தான்!

ரிவரில் கால் செய்ய உங்களுக்கு ஏறக்குறைய 30 சதவீதம் ஜெயிக்கிற வாய்ப்பு வேண்டும். ஃப்ளாப், டர்ன் இரண்டு சுற்றிலும் சும்மா கால் செய்துகொண்டே வந்த ஆள், மூன்றாவது ஆட்டின் விழுந்ததும் ஆல்-இன் என்கிறார். இப்படிப்பட்டவர்கள் பொய்யாகத் தள்ளி நான் அதிகம் பார்த்ததில்லை. ஆட்டின் ஏஸ் உங்கள் கையில் இருந்திருந்தாலாவது கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆனால் எனக்கு உறுத்துவது நீங்கள் 'நன்றாக அமைந்தது' என்று சொன்ன ஆட்டம். 46-இல் உங்களுக்கு இருந்தது நான்கு 8 மட்டும், 9 சதவீதம்கூட இல்லை. 8,000-க்கு ஆசைப்பட்டு 4,000 வைத்தால் 33 சதவீதம் வேண்டும். வந்தால் நிறைய வாங்கிவிடலாம் என்று நினைத்தாலும், 42 தடவை போகும் 4,000-ஐ 4 தடவையில் எடுக்க, ஒவ்வொரு தடவையும் 42,000 கிடைக்க வேண்டும். பாட்டில் 8,000, அவரிடம் மிச்சம் 9,000. எங்கிருந்து வரும்? ஜெயித்துவிட்டதால் இந்த ஆட்டத்தை நீங்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை. இதே காலை அடுத்த தடவையும் செய்வீர்கள்.

நான் தோற்றதை மட்டும் குறித்துக்கொள்வதில்லை. பெரிய பாட் முடிந்ததும் போனில் பாட் எவ்வளவு, எதிராளி எவ்வளவு போட்டார், அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று குறித்துவிடுவேன். ரிசல்ட்டை எழுத மாட்டேன். ஊருக்கு வந்து படிக்கும்போது ஜெயித்த ஆட்டம் எது, தோற்ற ஆட்டம் எது என்று பாதி மறந்திருக்கும். அப்போதுதான் நேர்மையாகக் கணக்குப் போட முடிகிறது.

ஆன்லைனில் பணம் வைத்து ஆடுவது இப்போது முடியாது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்தில் அதற்குத் தடை. பணமில்லாத ஆப்பில் பழகலாம், ஆனால் அங்கே எவனும் சீட்டைக் கீழே வைத்து ஃபோல்ட் செய்ய மாட்டான்.

கீழக்கரை:

நான் ஆடுவதில்லை, மார்க்கத்தில் கூடாது. துபாயில் கணக்கு எழுதுகிறவன் என்பதால் ஒரு வார்த்தை. கேசினோ ஒவ்வொரு பாட்டிலிருந்தும் ரேக் என்று தன் பங்கை எடுக்கிறது. அது மீன் பட்டாலும் படாவிட்டாலும் கடலுக்குப் போக ஊற்றும் டீசல் மாதிரி. அந்தச் செலவு உங்கள் கணக்கில் எங்கேயும் காணோம். அப்புறம், 'கடுப்பில் இன்னொரு 20,000' என்றீர்களே, அது மராமத்துக்கு வைத்த பணமா?

தங்கச்சிமடம் போட்டுக்காரன்:

கீழக்கரைக் காக்கா, இரண்டாவது 20,000 மராமத்துப் பணம்தான். வீட்டில் தெரியாது. இனி போட்டுக் கணக்கில் கை வைப்பதாக இல்லை.

உச்சிப்புளி அண்ணே, அந்த 10, 9 ஆட்டத்தை நான் ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன். சரி, 1,200 போட்டும் நான்கு பேர் வந்தால்?

உச்சிப்புளி:

அடுத்த தடவை 1,600 போடுங்கள். அதற்கும் வந்தால் நல்ல மேஜை, எழுந்திருக்காதீர்கள். ஆனால் ஐந்து பேர் இருக்கும் பாட்டில் ஏஸ் ஜோடி வெறும் ஒரு ஜோடிதான். மூன்று ஆட்டின் விழுந்து, சும்மா இருந்த ஆள் தள்ளினால் கீழே வைத்துவிடுங்கள்.