என் பரம்பரை நோயை மகளிடம் எப்படிச் சொல்வது? அவளும் ஒன்றை மறைக்கிறாள்

திருச்சி அப்பா (கேள்வி):
வணக்கம். இரண்டு சிறுநீரகங்களிலும் நீர்க்கட்டிகள் வளரும் பாலிசிஸ்டிக் கிட்னி என்ற பரம்பரை நோய் எனக்கு இருப்பது சில ஆண்டுகளுக்கு முன்பு ஸ்கேனில் தெரியவந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் மெல்ல ஏறிவருவதால் பின்னாளில் டயாலிசிஸ் தேவைப்படலாம் என்கிறார் மருத்துவர். சென்னையில் வேலை பார்க்கும் என் ஒரே மகளிடம் நான் சாப்பிடுவது வெறும் பிரஷர் மாத்திரை என்றே சொல்லிவருகிறேன். அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இது வெளியே தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போய்விடுமோ என்ற பயம்தான் காரணம்.

இதற்கிடையே, மகள் மனநல மருத்துவரிடம் நெடுநாளாகச் சிகிச்சை பெற்றுவருவதாக என் தங்கை சொன்னாள். அப்பாவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டார் என்று அத்தையிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாளாம். அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருப்பதா, நானே பேச்சைத் தொடங்குவதா?

ஓய்வுபெற்ற செவிலியர்:
ஐயா, டயாலிசிஸ் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் சொல்கிறேன், காத்திருக்காதீர்கள். இந்த நோய் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கு 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஆண், பெண் வேறுபாடு கிடையாது. குடும்பத்தில் நோய் இருக்கிறது என்று தெரிந்தால், 40 வயதுக்கு உட்பட்டவருக்கு இரு சிறுநீரகங்களிலும் சேர்த்து மூன்று நீர்க்கட்டிகள் ஸ்கேனில் தென்பட்டாலே நோயை உறுதிசெய்துவிடுவார்கள். இளவயதில் ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் அதுவே இறுதி முடிவாகாது என்பதால், எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பழுதாவதற்கு வெகுமுன்பே ரத்த அழுத்தம் ஏறத் தொடங்கும். அதைத் தொடக்கத்திலேயே கட்டுக்குள் வைப்பதும், தலைவலிக்கும் மாதவிலக்கு வலிக்கும் கண்ட வலிமாத்திரைகளை விழுங்காமல் இருப்பதும் அவள் கையில் இருக்கும் பாதுகாப்பு. கர்ப்ப காலத்திலும் மருத்துவர் இதை அறிந்திருப்பது மிக அவசியம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மனநலச் சிகிச்சையில் தரப்படும் லித்தியம் போன்ற சில மருந்துகள் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுபவை. நீண்டகாலம் எடுத்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கவும் கூடும். உங்கள் மகள் என்ன மருந்து எடுக்கிறாள் என்பது நமக்குத் தெரியாது, ஆனால் அவளுடைய மருத்துவருக்குக் குடும்பத்தில் உள்ள சிறுநீரக நோய் தெரிந்தாக வேண்டும். தகவல் கிடைத்ததும் பயந்துபோய் அவளாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கோவை மகள்:
என் அப்பாவும் இப்படித்தான் தம் நோயை மறைத்தார். எனக்கு வலித்தது நோய் அல்ல. தெரியாமலே அவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்த நாட்கள்தான். உங்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் உண்மையைச் சொல்லி முடித்த கையோடு, ‘நீ என்ன மறைக்கிறாய், இப்போது சொல்’ என்று பதிலுக்குக் கேட்டுவிடாதீர்கள். தன் சிகிச்சை விவரங்களைக் காக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே அவளுக்குத் தருகிறது. சட்டம் கிடக்கட்டும், அத்தையை நம்பிச் சொன்னது உங்கள் காதுக்கு வந்துவிட்டது என்று இப்படித் தெரியவந்தால் அவள் இனி யாரிடமும் வாய் திறக்கமாட்டாள். ‘நீ எந்தச் சிகிச்சையில் இருந்தாலும் அந்த மருத்துவரிடம் இதைச் சொல்லிவிடு, என்னிடம் விவரம் சொல்ல வேண்டியதில்லை’ என்று மட்டும் சொல்லுங்கள். ஆனால் அவள் நேராக, ‘உங்களுக்குத் தெரியுமா அப்பா?’ என்று கேட்டால் மழுப்பாமல் ஆம் என்று சொல்லிவிடுங்கள். தொலைபேசியில் வேண்டாம், நேரில் போய், ஸ்கேன் அறிக்கையை அவள் கையில் கொடுத்துப் பேசுங்கள்.

திருச்சி அப்பா:
இருவருக்கும் நன்றி. லித்தியம் பற்றிப் படித்ததும் உட்கார முடியவில்லை; இந்த வாரமே சென்னைக்குப் போகிறேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன சொல்வது என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.

ஓய்வுபெற்ற செவிலியர்:
அதை நீங்கள் தனியாக முடிவுசெய்ய வேண்டாம், ஐயா. முதலில் அவள் பரிசோதனை செய்துகொள்ளட்டும். அதுவரை வரன் பேச்சைச் சற்றே தள்ளிவையுங்கள். முடிவு எதுவானாலும் யாரிடம், எவ்வளவு, எப்போது சொல்வது என்பதை அவளே தீர்மானிக்கட்டும். நீங்கள் போகும்போது தங்கையை உடன் அழைத்துச் செல்லாதீர்கள்.