மறுமொழி: 'ஜாக் ஓ லான்டர்ன்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களுக்கு வணக்கம். மேலைநாட்டு ஹாலோவீன் விழா இரவில் (அக்டோபர் 31) காயைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே விளக்கேற்றி வைப்பார்களே, அதுதான் 'ஜாக் ஓ லான்டர்ன்'. அதற்குத் தமிழ்ப் பெயர் கேட்ட இழையில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> 'பூசணி விளக்கு' போதுமே. பார்த்தவுடன் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். பூசணி என்றால் பலருக்குத் திருஷ்டி சுற்றி உடைக்கும் வெள்ளைக் காய்தான் கண்முன் வரும். ஹாலோவீனுக்குக் குடைவது பரங்கிக்காயை.

சரி, 'பரங்கி விளக்கு' என்று மாற்றலாமா? அதிலும் ஒரு சிக்கல். இந்த வழக்கம் பரங்கியில் தொடங்கவே இல்லை. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அக்டோபர் 31 இரவுக்கு டர்னிப்பைத்தான் (முள்ளங்கி போன்ற உருண்டைக் கிழங்கு) குடைந்தார்கள். சில ஊர்களில் மாட்டுத் தீவன பீட்ரூட். அயர்லாந்தின் டானிகல் பகுதியில் கிடைத்த பழைய டர்னிப் விளக்கு ஒன்றின் வார்ப்பு, மேயோவில் உள்ள அயர்லாந்து நாட்டுப்புற வாழ்வியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தைத் தேடிப் பாருங்கள்: குழிந்த கண், இளிக்கும் பல், வற்றிப்போன கிழவன் முகம். இன்றைய பரங்கிக்காய்ச் சிரிப்பெல்லாம் அதன் முன்னால் குழந்தை விளையாட்டு. அமெரிக்கா போன ஐரிஷ்காரர்களுக்கு அங்கே பரங்கி கிடைத்தது. பெரிய காய், உள்ளே பாதி வெற்றிடம். டர்னிப்போடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

> அப்படியானால் எதைக் கொண்டு பெயர் வைப்பது?

நெருப்பைக் கொண்டு. ஐரிஷ் கதையில் ஜாக் ஒரு கஞ்சன், குடிகாரன். சாத்தானையே ஏமாற்றி, தன் ஆன்மாவை எடுத்துக்கொள்ளக்கூடாது என்று வாக்கு வாங்கிவிடுகிறான். செத்தபின் சொர்க்கம் சேர்க்கவில்லை. வாக்குக் கொடுத்ததால் நரகமும் சேர்க்கவில்லை. வழி தெரிய சாத்தான் ஒரு தணலை எறிகிறான். ஜாக் அதை டர்னிப்புக்குள் வைத்துக்கொண்டு இன்னும் அலைகிறானாம்.

இன்னொன்று. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'ஜாக் ஓ லான்டர்ன்' என்ற இதே பெயர் சதுப்பு நிலத்தில் இரவில் தோன்றி மறையும் ஒளிக்கும் இருந்தது. அந்த ஒளிக்கு நம் ஊரில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பெயர் உண்டல்லவா? அப்புறம் எதற்குப் புதிதாகத் தேட வேண்டும்? என் பரிந்துரை: கொள்ளிவாய் விளக்கு. தேவைப்பட்டால் 'பரங்கிக் கொள்ளிவாய்', 'டர்னிப் கொள்ளிவாய்' என்று பிரித்துக்கொள்ளலாம்.

---

> கொள்ளிவாய் விளக்கு

ஐயா, பொருத்தம்தான். ஆனால் நான் மொழிபெயர்ப்பது ஆறு வயதுப் பிள்ளைகளுக்கான படக்கதை. 'கொள்ளி' என்றதும் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். கொள்ளி வைப்பதுதான் அவர்களுக்கு நினைவுக்கு வரும். கலைக்களஞ்சியப் பதிவுக்கு உங்கள் சொல்லை ஏற்கிறேன். படக்கதையில் 'பரங்கிப் பேய்' என்றே போடப்போகிறேன். டர்னிப் அதில் வரவில்லை.