அடுப்பு மஞ்சளா எரியுது, பாத்திரம் பூரா கரி... பர்னர் மாத்தணுமா?

உப்புக்காத்து_கடலூர்:
வீடு தேவனாம்பட்டினம், பீச்சுக்கு ரெண்டு தெரு தள்ளி. ஸ்டவ் வாங்கி 3 வருஷம்தான் ஆகுது, ஒரு மாசமா பெரிய பர்னர் மட்டும் மஞ்சளா நாக்கு நீட்டி எரியுது, குண்டான் அடியெல்லாம் கரி, தேய்ச்சு தேய்ச்சு அம்மாவுக்கு கை வலி, திட்டு எனக்கு. ரிப்பேர்காரர் பர்னர், அதுக்கு கேஸ் பீச்சுற ஜெட் எல்லாம் மாத்தணும்ங்கறார். பக்கத்து வீட்டு அக்கா கடக்காத்துக்கு அப்படித்தான் எரியும்ங்கறாங்க. எது சரி?

மஞ்சக்குப்பம்_அண்ணாச்சி:
அக்கா சொல்றதுலயும் பாதி உண்மை இருக்கு தம்பி. காத்துல இருக்கிற உப்புல சோடியம் இருக்குல்ல, அது பட்டா தீ ஆரஞ்சா தெரியும், ஆனா கரி பிடிக்காது. கரி பிடிக்குதுன்னா பர்னருக்கு காத்து பத்தலன்னு அர்த்தம். ரெகுலேட்டர ஆஃப் பண்ணிட்டு, ஸ்டவ் ஆறினதும் பர்னர கழட்டி சுடு புளித்தண்ணில அரை மணி நேரம் ஊறப்போடு, ஓட்டைய ஊக்கால குத்தி விடு, நல்லா காய வச்சு மாட்டு. ஜெட்டுல மட்டும் ஊக்கு விடாத, ஓட்டை பெருசாச்சுன்னா கேஸ் அதிகமா வந்து கரி இன்னும் கூடும். அப்புறம் ஸ்டவ்வ கவுத்து, ஜெட்டுக்கு முன்னாடி இருக்கிற குழாய் வாய டார்ச் அடிச்சு பாரு, பூச்சி கூடு கட்டியிருக்கும்.

லாஸ்பேட்டை_மாமி:
சிலிண்டர் தீரப்போறப்பவும் தீ செவக்கும், ஆனா அப்போ ரெண்டு பர்னரும் சேர்ந்து செவக்கும்பா, உனக்கு ஒண்ணுதானே. கையோட ஹோஸ்ல போட்டிருக்கிற வருஷத்தையும் பாத்துடு, கேஸ் ஏஜென்சி குடுக்கிற சுரக்ஷா ஹோஸ் 5 வருஷம்தான். அதுல மாட்டியிருக்கிற கிளிப்பு எங்க வீட்ல துருவேறி உதிர்ந்தே போச்சு, பாண்டி காத்து அப்படி. சோப்புத் தண்ணி தடவி நுரை கெளம்புதான்னு பாரு. கேஸ் நாத்தம் வந்தா சுவிட்ச தொடாத, ஜன்னல தெறந்துட்டு வெளிய வந்து கேஸ் கசிவு ஹெல்ப்லைன் 1906க்கு அடி.

முத்தியால்பேட்டை_99:
பாத்ரூம்ல கேஸ் கீசர் வச்சிருக்கவங்களும் தீ கலர பாருங்க. எங்க வீட்ல ஜன்னல சாத்திட்டு குளிச்ச தம்பி தலை சுத்தி உக்காந்துட்டான். தீ சரியா எரியலன்னா வர்ற கார்பன் மோனாக்சைடுங்கற விஷவாயுதான் காரணம், சமையல் கேஸ்னா நாத்தம் வரும், இதுக்கு நாத்தமே வராது. இப்போ கீசர வெளிச் சுவத்துக்கு மாத்திட்டோம்.

உப்புக்காத்து_கடலூர்:
கவுத்து பாத்தேன் அண்ணாச்சி, குழாய்க்குள்ள வெள்ளையா பஞ்சு மாதிரி ஒரு கூடு, அதோட பொங்கி வழிஞ்ச பால் காஞ்சு ஒட்டிட்டு இருந்துச்சு. சுரண்டி எடுத்தாச்சு, இப்போ நீலமா எரியுது. ஹோஸ்தான் 6 வருஷம் ஆயிருக்கு, பழைய ஸ்டவ்ல இருந்தத அப்படியே மாட்டியிருக்காங்க, நாளைக்கு புதுசு மாத்திடறேன் மாமி.