'மாணிக்க வெள்ளி' பொருந்துமா?

அன்பின் நண்பர்களுக்கு,

புரூஸ்டைட், பைரார்ஜிரைட் என்னும் இரு வெள்ளிக் கனிமங்களுக்கும் பொதுப்பெயராக முன்மொழியப்பட்ட 'மாணிக்க வெள்ளி' 'ரூபி சில்வர்' என்னும் ஆங்கில வழக்கை ஒட்டியதுதான்; ஆயினும் இலங்கை மலையகத்தில் அது வேறு பொருளைத் தந்துவிடும். நம்மிடையே மாணிக்கம் என்பது சிவப்புக் கல்லை மட்டும் குறிப்பதன்று. பொகவந்தலாவையில் நீலக்கல் கிடைத்தாலும் அது மாணிக்கக் குழியே. என் சேகரிப்பிலுள்ள தீப்பெட்டியளவு பைரார்ஜிரைட்டைக் கையில் வாங்கிய மாமா, குழி வேலை பார்த்தவர், கேட்ட முதற் கேள்வி, "இது எத்தனை கரட் தேறும்?" என்பதாகும்.

'இல்லம்' எனப்படும் மாணிக்கச் சரளை மண்ணிலிருந்து அவர் வாரிக் கழுவிய கற்கள் ஆற்றில் உருண்டும் அழியாதிருந்ததற்கு அவற்றின் கடினமே காரணம்; கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோவின் அளவையில் சிவப்புக்கல் 9. இக்கனிமங்களோ 2 முதல் 2.5 வரைதான். நகம் பட்டாலே கீறல் விழக்கூடிய ஒன்றுக்கு மாணிக்கத்தின் பெயர் ஏன்?

முதலில் 'செவ்வெள்ளி' என்று எண்ணினேன். வீட்டில் சொன்னபோது, செவ்வாய், வெள்ளி விரதமா என்று சிரித்தார்கள். உலோகம், கிழமை, கோள் என வெள்ளி ஏற்கெனவே மூன்று சுமைகளைச் சுமக்கிறது. ஆகவே 'செவ்வெள்ளித்தாது' என்பதே என் பரிந்துரை. வெள்ளியும் கந்தகமும், புரூஸ்டைட்டில் ஆர்செனிக்கோடும் பைரார்ஜிரைட்டில் அந்திமனியோடும், கூடியுள்ள சேர்மத்தைத் தனி உலோகமென்று எவரும் மயங்காதிருக்க, 'தாது' என்னும் ஈறு கட்டாயம் வேண்டும்.

கறுப்பாகத் தெரியும் கல்லுக்குச் 'செ' எதற்கு என்று சிலர் கேட்கலாம். யன்னலருகே என் மாதிரியும் வார்ப்பிரும்புத் துண்டு போலத்தான் இருக்கிறது. மெல்லிய விளிம்பின் பின்னால் கைவிளக்கைப் பிடித்தால் மட்டும் கொவ்வைப்பழமாய்ச் சிவக்கிறது. தரையோட்டின் மெருகிடாத பின்புறத்தில் உரைத்தாலும் செந்நிறக் கோடே விழுகிறது. ஒளி பட்டுக்கொண்டிருந்தால் இவை மேலும் கறுத்துவிடும் என்பதால் இழுப்பறையிலேயே வைத்திருக்கிறேன்.

தனிப்பெயர்களைப் பொறுத்தவரை, பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசப் புரூஸ்டின் பெயரைத் தாங்கிய புரூஸ்டைட்டை அப்படியே விட்டுவிடலாம். பைரார்ஜிரைட் என்பதோ நெருப்பையும் வெள்ளியையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களின் கூட்டு. அதை 'அழல்வெள்ளித்தாது' என்பதா, மாணவர்களுக்கு எளிதான 'தீவெள்ளித்தாது' என்பதா என்பதில்தான் எனக்குத் தயக்கம். காதுக்கு முதலாவதே இனிக்கிறது. வகுப்பில் கற்பிப்பவர்கள் தம் கருத்தைத் தெரிவித்தால், மாதிரிகளுக்கான பெயர் அட்டைகளை எழுதத் தொடங்குவேன்.